மடை திறந்தவர்களுக்குப் பூங்காவில் இடம் உண்டா?

(ஆரணியில் நடந்த இளைஞர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீர்நிலைகளும் நகரப் பூங்காக்களும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போதே ஒரு தோழர் என்னிடம் கேட்டார், "சாதி ஒழிப்பு மேடையில் பூங்காவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று. பஞ்சமி நிலம் இருக்கிறது, ஆணவக் கொலை இருக்கிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பூச்செடியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் நடந்த முதல் பெரும் மக்கள் போராட்டம் எங்கே நடந்தது? ஒரு குளக்கரையில். 1927 மார்ச் 20 அன்று மகாத் ஊரில், சவுதார் குளத்தில். அந்தக் குளம் யாருடையது? ஒரு ஜமீன்தாருடையதோ கோயிலுடையதோ அல்ல. அது நகராட்சியின் குளம். பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. எல்லாம் காகிதத்தில். மூன்று ஆண்டுகள் கழித்து மாநாட்டுக்கு வந்த மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பாபாசாகேப் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தில் 108 குடம் தண்ணீரை எடுத்து, சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து திரும்ப ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வர 1937 ஆனது.

நம்முடைய சென்னை மாகாணத்திலும் அதே கதைதான். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் திறந்தவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. ஆகவே தோழர்களே, ஒரு நீர்நிலையைச் சுற்றி வேலி போட்டு, நடைபாதை போட்டு, விளக்குப் போட்டு அதற்குப் 'பூங்கா' என்று பெயர் வைக்கும்போது அங்கே பூச்செடி மட்டும் நடப்படுவதில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பது மறுபடியும் எழுதப்படுகிறது. அதனால்தான் இதை இந்த மேடையில் பேசுகிறேன்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. இரண்டிலும் நகரங்களின் குளங்களைச் சீரமைக்கவும் பூங்கா அமைக்கவும் நிதி வருகிறது. நகராட்சி நகராட்சியாக வேலை நடக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே வரைபடம்தான். குளத்தைச் சுற்றிக் கருங்கல் சரிவு, அதன் மேல் பேவர் பிளாக், கம்பி வேலி, எட்டு வடிவ நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி, செயற்கை நீரூற்று, வாசலில் 'ஐ லவ்' என்று போட்டு ஊர்ப் பெயரோடு ஒரு செல்ஃபி பாயின்ட். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எங்கே போனது என்று கேட்டால் வரைபடத்தில் இருக்காது. மழைத் தண்ணீர் வர வழியில்லாத குளத்துக்குக் கழிவுநீர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

ஆரணியிலும் இது வரும். சூரியகுளமோ, வேறொரு குளமோ, கோட்டை மைதானமோ, இன்று இல்லாவிட்டால் நாளை வரும். வரும்போது 'பாரம்பரிய' பூங்கா என்று சேர்த்துச் சொல்வார்கள். ஆரணியின் பாரம்பரியம் என்று எதைச் சொல்வார்கள்? கோட்டையைச் சொல்வார்கள். மராத்திய பிராமண ஜாகீர்தார்களைச் சொல்வார்கள். அவர்களுடைய சத்தியவிஜயநகரம் அரண்மனையையும் பூசிமலைக்குப்பம் மாளிகையையும் சொல்வார்கள். 1782இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே நடந்த சண்டையைச் சொல்வார்கள். ஒரு பட்டுப் புடவை பொம்மையும் வைப்பார்கள், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதல்லவா. இவையெல்லாம் வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் இது ஏரிகளால் வாழ்ந்த நிலம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதியும் செய்யாறும் ஓடுகிற நிலம். இந்த ஆறுகளில் தண்ணீர் ஓடுவது ஆண்டில் சில நாட்கள்தான். மழை பெய்கிற அந்தச் சில நாட்களில் வரும் தண்ணீரைப் பிடித்து, ஏரிக்கு ஏரி தொடுத்து, ஆண்டு முழுவதும் நெல் விளைய வைத்த ஒரு பெரும் அறிவு இங்கே இருந்தது. அந்த அறிவு யாருடையது?

அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. படவேட்டில் ஆண்ட சம்புவராயர் பெயர் நமக்குத் தெரியும். ஏரியை ஓட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது.

தொண்டை மண்டலத்து ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒரு வேலை உண்டு. பல ஊர்களில் அது சேரியில் இருந்தவர்களின் வேலை. என் தாத்தா நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது, கரையில் நண்டு வளை எலி வளை இருந்தால் அடைப்பது, ஐப்பசி அடைமழை இரவில் கரையில் படுத்துக் காவல் காப்பது, உடைப்பு எடுத்தால் ஊரை எழுப்புவது, எல்லாம் அவர் பொறுப்பு. பழைய தூம்புகளில் தண்ணீருக்குள் மூழ்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். இழுக்கிற தண்ணீரில் கை மாட்டினால் உயிர் போய்விடும். இத்தனைக்கும் கூலி, களத்தில் அறுவடை முடிந்த பிறகு அளந்து போடும் சில மரக்கால் நெல். அது முழுதாக வருவதும் நிலக்காரர் மனத்தைப் பொறுத்தது.

ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பிரித்துக் கொடுத்த அந்த மனிதருக்கு, ஊருக்கு நடுவில் இருந்த குளத்தில் கால் நனைக்க உரிமை இல்லை. அவர் திறந்து விட்ட தண்ணீர் எல்லா வயலுக்கும் போகும். அவர் கைபட்ட தண்ணீர் என்று நெல்லை யாரும் ஒதுக்கவில்லை. தீட்டு என்பது தண்ணீரைப் பற்றிய நம்பிக்கையாக இருந்திருந்தால் அந்த வயல்கள் தரிசாகத்தான் கிடந்திருக்கும். தீட்டு எப்போதும் உழைப்பை உள்ளே விட்டு, உழைத்தவரை வெளியே நிறுத்துகிற ஏற்பாடு. பாட்டி இதை என்னிடம் கோபமாகச் சொன்னதில்லை. "ஏரி ரொம்புனா உங்க தாத்தாவுக்குத் தூக்கம் போயிடும்" என்று மட்டும் சொல்வார்.

இங்கே சூழலியல் பேசும் நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 'குடிமராமத்து' என்ற சொல்லை மிகுந்த பெருமையோடு பயன்படுத்துகிறோம். மக்கள் தாங்களே கூடித் தங்கள் ஏரியைப் பராமரித்த பொற்காலம் என்கிறோம். 2017இல் தமிழக அரசும் அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கியது. ஆனால் 1858இல் வெள்ளையர் அரசு 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்ததை மறந்துவிடுகிறோம். வெள்ளம் வரும்போது ஏரிக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் ஆட்களைக் கட்டாயப்படுத்தி இழுத்துப் போக வழிசெய்த சட்டம் அது. எல்லோரும் மனமுவந்து வந்திருந்தால் சட்டம் எதற்கு? மண் சுமந்தவர் யார், கரையில் நின்று கணக்கு எழுதியவர் யார் என்று கேட்காத மரபுப் பெருமை நமக்கு வேண்டாம். ஏரியை மீட்போம். அதோடு சேர்த்து ஏரியின் கணக்கையும் மீட்போம்.

சரி, மரபையும் நீரையும் மையமாக வைத்துப் பூங்கா அமைத்த முன்னுதாரணம் நம் மாநிலத்தில் இல்லையா? இருக்கிறது. சென்னை அடையாறு முகத்துவாரத்தின் அருகே தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தைச் சுத்தம் செய்து, உள்ளூர் மரம் செடிகளை நட்டு, தண்ணீர் வந்து போக வழி செய்து, 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கலைஞர் திறந்துவைத்தார். இது நல்ல வேலை, ஐயமில்லை. பறவை திரும்பி வந்தது, மீன் திரும்பி வந்தது. நிலத்தைத் திணையாகப் பகுத்துச் சொன்ன நூலின் பெயரையும் வைத்தார்கள்.

ஆனால் அந்த இடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990களில் அந்தக் கழிமுகப் பகுதியில் அரசு அம்பேத்கர் நினைவிடம் கட்டத் திட்டமிட்டது. சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் நினைவிடம் ஒரு சிறு பகுதிக்குள் சுருங்கி, 2000இல் மணிமண்டபமாகத் திறக்கப்பட்டது. மீதி நிலம் சூழல் பூங்காவுக்குப் போனது. கழிமுகத்தை மூடிக் கட்டடம் கட்டக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது பாபாசாகேப் பெயரில் என்றாலும் கூடாது. ஆனால் அதே கழிமுகத்தின் ஓரத்தில் வானளாவிய அடுக்குமாடிகளும் நட்சத்திர விடுதியும் எழுந்து நிற்கின்றன. சதுப்பு நிலத்தின் மேல் அக்கறை ஏன் சில கட்டடங்களைப் பார்த்ததும் விழித்துக்கொள்கிறது, சிலவற்றைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்பவரைச் சூழலுக்கு எதிரி என்று சொல்லிவிட முடியாது.

இன்னும் ஒன்று. நீரைக் காப்பாற்றும் மொழி, மக்களை வெளியேற்றும் மொழியாக மாறுவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் உழைக்கும் ஏழைகளும். பூங்காவுக்குச் சற்றுத் தொலைவில்தான் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் பக்கிங்காம் கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று அங்கே வீடுகளை இடித்தார்கள். அதை எதிர்த்து ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். ஆக்கிரமிப்பு என்றால் எல்லாமே ஆக்கிரமிப்புத்தானே? நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மாம்பலம் ஏரியின் மேல் தியாகராய நகர் நிற்கிறது. மதுரையில் உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளையே நிற்கிறது. ஏரியை முழுங்கியவர்கள் வேறு, ஏரியின் ஓரத்தில் ஒண்டியவர்கள் வேறு. ஊர் நத்தத்தில் இடம் கொடுக்காமல் புறம்போக்குக்குத் துரத்திவிட்டு, பிறகு புறம்போக்கில் இருக்கிறாய் என்று இடிப்பது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதும் நல்லது. நியூசிலாந்தில் வாங்கனூயி ஆறு ஒரு சட்ட ஆளுமை என்று 2017இல் சட்டம் வந்தது. அந்த ஆற்றுக்காகப் பேச இருவர். ஒருவரை அரசு நியமிக்கும், இன்னொருவரை அந்த ஆற்றின் மவோரி மக்கள் நியமிப்பார்கள். ஆக்லாந்து நகரில் கான்கிரீட் வாய்க்காலாக மாறிப்போன ஓர் ஓடையைப் பூங்காவுக்குள் மறுபடி ஓடையாக்கினார்கள். கான்கிரீட்டை உடைத்துக் கரையைச் சரித்தார்கள். வெள்ளம் வந்தால் பூங்காவில் பரவி மெல்ல வடியும். தே ஆவாவுங்கா என்ற மவோரிப் பெயர் அந்த ஓடைக்குத் திரும்பி வந்தது. இதில் நாம் கற்க வேண்டியது செடி வகையை அல்ல. யாரிடமிருந்து ஆறு பறிக்கப்பட்டதோ அவர்களை முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அதைத்தான்.

இங்கே எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். நாங்கள்தான் ஆதிக்குடி, மற்றவர் வந்தேறி என்று இரத்தக் கணக்குப் பார்க்கிற பேச்சு நம் இளைஞர்களிடம் பரவுகிறது. 'ஆதி' என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் மதிப்பு உண்டு. இழிபெயரை உதறி 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை 1922இல் அரசு ஏற்கும்படி செய்ததில் எம்.சி. ராஜாவின் போராட்டம் இருக்கிறது. ஆனால் தீண்டாமைக்கு இனம்தான் காரணம் என்ற கருத்தைப் பாபாசாகேப் 1948இல் எழுதிய 'தீண்டப்படாதோர்' நூலில் மறுத்தார். அதை நாம் மறக்கக் கூடாது. முதலில் வந்தவர் யார் என்று தோண்டிக்கொண்டே போனால் சாதி வெறியர்களும் அதே மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். நம் உரிமைக்கு இரத்தம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. உழைப்பு சாட்சி சொல்லும். கரையை உயர்த்தியவர், மடையைத் திறந்தவர், சேற்றை அள்ளியவர், அவருக்கு இந்தக் குளம் மரபு. அதோடு இந்த ஊரில் வரி கட்டி வாழும் ஒவ்வொருவருக்கும் அது உரிமை.

அப்படியானால் ஆரணியில் ஒரு குளக்கரைப் பூங்கா வந்தால் நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் தண்ணீர். வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, உபரி நீர் எங்கே வடிகிறது என்று அளந்து, வரைபடத்தில் குறித்து, அதை மீட்ட பிறகுதான் பேவர் பிளாக்கைப் பற்றிப் பேச வேண்டும். பட்டு நூலைச் சோடா சோப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரும், சாயம் போட்டு அலசிய தண்ணீரும், அரிசி ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீரும் எங்கே போகின்றன என்றும் கேட்க வேண்டும். இதைச் சாயத் தொழிலாளி மேல் பழி போடுவதற்காகக் கேட்கவில்லை. நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் கை வைத்திருப்பவர் அவர்தான். சுத்திகரிப்புக்கான செலவு புடவையின் லாபத்திலிருந்து வர வேண்டும், அவர் கூலியிலிருந்து அல்ல.

இரண்டாவது, வேலை. குளத்தில் கழிவுநீர் கலந்திருந்தால் அதற்குள் எந்த மனிதரையும் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. பூங்காவைக் கூட்டிப் பெருக்குவோர் ஒப்பந்தக் கூலியாக, தினக்கூலியாக, ஒரு சாதியின் ஆட்களாகவே இருந்தால், நீர்க்கட்டியின் மரக்கால் நெல் இன்னும் மாறவில்லை என்று பொருள். நிரந்தர வேலை, நியாயமான ஊதியம், உடை மாற்ற ஓர் அறை, வேலை செய்பவர் அதே பூங்காவின் பெஞ்சில் உட்காரும் உரிமை. இவ்வளவும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வாசல். நுழைவுக் கட்டணம் கூடாது. காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு மட்டும் திறந்து, மதியம் பூட்டி வைக்கிற பழக்கம் கூடாது. வெயில் நேரத்தில் நிழல் தேவைப்படுவது கட்டட வேலைக்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும்தான். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். தெருவில் பாவு நீட்டி வேலை செய்யும் நெசவுக் குடும்பங்களுக்கு இப்போது தெருவில் வண்டி நெரிசல். காலை நேரத்தில் மர நிழலில் பாவு நீட்ட ஒரு நீள நடை ஒதுக்கலாமே. புடவைப் பொம்மையை விட அது பட்டுக்குச் செய்யும் மரியாதை.

நான்காவது, கரையில் குடியிருப்பவர். அவர்களை அப்புறப்படுத்தித்தான் பூங்கா என்றால் அந்தப் பூங்கா நமக்கு வேண்டாம். குளம் நிறைந்தால் உண்மையிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்றால், அதே வார்டில், பட்டாவோடு, முதலில் வீடு கொடுத்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

ஐந்தாவது, பெயர். ஜாகீர்தார் பெயரும் ஆங்கிலத் தளபதி பெயரும் ஏற்கெனவே கல்லில் இருக்கின்றன. பூங்காவில் வைக்கும் பலகையில் நீர்க்கட்டியின் வேலை எழுதப்பட வேண்டும். அவரை ஏன் குளத்தில் இறங்க விடவில்லை என்பதும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் மதகு ஓட்டிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில், இந்த நீர் பிறக்கும் இடத்தில், மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதை நீங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் போன பிறகு எந்த நிதி வந்தாலும் அதை வாங்க முடியாது.

"பலகையில் இதையெல்லாம் எழுதினால் பிரச்சினை வரும், பூங்கா அமைதிக்கான இடம்" என்பார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் 2023 ஜனவரியில்தான் ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அந்த ஊர் அமைதியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட அமைதியைத்தான் பூங்காவிலும் கேட்கிறார்கள்.

கடைசியாக, செய்ய வேண்டிய ஒரு வேலை. கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் வார்டுக்கு வார்டு பகுதி சபை கூட்ட வேண்டும் என்று 2022இல் விதி வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் அது கூடியது. பெரும்பாலான இளைஞர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பத்துப் பேர் கூடுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், முடிந்துவிடும். அடுத்த முறை அங்கே நாம் போவோம். குளத்தின் புல எண், வரத்துக் கால்வாயின் வரைபடம், நான் சொன்ன இந்த ஐந்து கோரிக்கை, மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போவோம். ஏற்றால் மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்போம், மறுத்தால் மறுத்ததாகவே எழுதச் சொல்லிக் கேட்போம். மகாத் நகராட்சியில் தீர்மானத்தை எழுதியவர்கள் வேறு, அதை நடத்திக் காட்டியவர்கள் வேறு. இங்கே இரண்டு வேலையையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது. யார் யார் எந்த வார்டு என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.